இரண்டு சரி

நாத்தனார் என்றால் அண்ணியைக் குறை சொல்ல வேண்டும் என்பது எழுதாத சட்டம். நான் சட்டத்தை மதிக்கிறவள். ஆனால் எங்கள் அண்ணி அதற்கு வழியே வைக்காத ஆள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எதிரில் வந்து நின்று, "இதுல என்ன தப்பு இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றியா?" என்று கேட்பார். சொல்ல நினைத்ததை அவரே கேட்டு வாங்கிக்கொண்டால் அப்புறம் சண்டைக்கு எங்கே போவது?

கேட்பதோடு விடவும் மாட்டார். இரண்டு பேர் "சரி" என்று சொல்லும்வரை காத்திருப்பார். அவர் மென்பொருள் எழுதுகிறவர். படித்து முடித்த கையோடு சேர்ந்த பெரிய கம்பெனியில் அதுதான் முறை. யார் எதை மாற்றி எழுதினாலும், அது ஒற்றை எழுத்தாகவே இருந்தாலும், வேறு இரண்டு பேர் அதைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே போகும். அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். திரைச்சீலை மாற்ற இரண்டு சரி. ஃபிரிட்ஜை நகர்த்த இரண்டு சரி. ஒரு முறை சோபாவை ஜன்னல் பக்கம் தள்ள ஆரம்பித்து, இரண்டாவது சரி கிடைக்காமல், அது பல நாள் கூடத்துக்கு நடுவில் நின்றது. நாங்களும் அதைச் சுற்றி நடந்து பழகிவிட்டோம்.

முதல் சரி எப்போதும் என் அண்ணனுடையது. அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துப் பார்ப்பவன், பெண்டாட்டி காட்டுவதை மட்டும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். அவர் கேட்டு முடிப்பதற்குள் "சரி" வந்து விழுந்துவிடும். இரண்டாவது சரிக்கு அண்ணி என்னிடம்தான் வர வேண்டும். எதைப் பார்த்தாலும் நொட்டை சொல்லும் வாய் எனக்கு. வீட்டில் என் பெயரே வக்கீல். நான் செய்வது என்னவோ பிசியோதெரபி. முட்டி, முதுகு, தோள்பட்டை.

"உங்க அண்ணன் சொல்ற சரிய கணக்குலயே சேத்துக்க முடியாது வக்கீலம்மா. நீ பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்பார் அண்ணி. புகழ்கிறாரா, வேலை வாங்குகிறாரா என்று தெரியாது. ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

அந்தப் பெரிய கம்பெனியில் அண்ணி என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் சிரிக்கக் கூடாது. போனில் அவர்கள் செயலியைத் திறந்தால் மேலே இடது மூலையில் ஒரு அம்புக்குறி இருக்குமே, தொட்டால் முந்தைய பக்கத்துக்குத் திரும்பிப் போகுமே, அதைப் பார்த்துக்கொண்டார். வருஷக்கணக்காக. அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு மேலாளர், வாரம் தவறாமல் கூட்டம்.

"ஒரு அம்புக்கு எதுக்கு அண்ணி இத்தனை பேர்?" என்று கேட்டிருக்கிறேன்.

"தொட்டா வந்த இடத்துக்கே போகணும், அவ்வளவுதானேன்னு நீ நினைக்கிறே. வந்த இடமே இப்ப இல்லன்னா? ஒருத்தர் ஒரு படத்தப் பாத்துட்டு உள்ள வந்தாரு. அதுக்குள்ள அந்தப் படத்த யாரோ அழிச்சிட்டாங்க. இப்ப அவர எங்க கொண்டுபோய் விடுவே?"

எனக்குத் தெரியவில்லை. அண்ணிக்குத் தெரியும். கோடிக்கணக்கான பேர் ஒரு நாளைக்கு அந்த அம்பைத் தொடுகிறார்கள் என்று அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அண்ணி அதைச் சொல்லிக்கொண்டதே இல்லை.

சொல்லிக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இருந்தார். எங்கள் அப்பா. குடிநீர் வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மருமகளுக்குக் கம்பெனி கொடுத்த டி-ஷர்ட்டுகள், தொப்பி, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் அப்பாவிடம்தான் போய்ச் சேரும். காலையில் நடக்கப் போகும்போது உச்சி முதல் இடுப்பு வரை கம்பெனி பெயர்தான். லிப்டில் புதிதாக யாராவது ஏறினால், பெயர் தெரிகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். அந்தப் பெயர் தெரியாதவர்கள் கிடையாது. "உங்க பையனா?" என்று கேட்பார்கள். "மருமக" என்று சொல்வதற்காகவே அப்பா லிப்டில் போய் வந்துகொண்டிருந்தார் என்று எனக்குச் சந்தேகம். அடுக்குமாடிக் குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் கம்பெனித் தாத்தா.

இந்த ஒழுங்கில் கல்லைப் போட்டது நான்தான், எனக்கே தெரியாமல்.

நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் நேரம் குறிப்பதற்குப் புதிதாக ஒரு மென்பொருள் வந்தது. ஒரு சின்னக் கம்பெனி செய்தது. நோயாளி பெயரைப் போட்டு நேரத்தைக் குறித்தால், அன்று காலை அவருக்கு நினைவூட்டி மெசேஜ் போகும். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் யாரை எடுப்பது என்று அதற்குத் தெரியாது. இடுப்பு வலிக்காரருக்குக் குறித்த நேரத்தில் கழுத்து வலிக்காரர் வந்து நிற்பார். நான் வீட்டுக்கு வந்து, அதை எழுதிய புண்ணியவானைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து உரிப்பேன்.

ஒரு நாள் அண்ணி அதைத் திறந்து காட்டச் சொன்னார். பொறுமையாகப் பார்த்தார். கீழே "கருத்துச் சொல்ல" என்று ஒரு பட்டன் இருந்தது. அதில் நாலு வரி எழுதினார். தேநீர் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அந்தக் கம்பெனி முதலாளியே எழுதியிருந்தார். மறுநாள் நான் வேலைக்குப் போனபோது ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பிறந்த வருஷம் வந்திருந்தது. சாயங்காலம் சொன்னேன்.

"மாத்திட்டாங்களா? ஒரே நாள்லயா?" அண்ணி கையில் இருந்த தட்டைக் கீழே வைக்கவில்லை. "எங்க ஆபீஸ்ல அம்போட கலர கொஞ்சம் மாத்த எவ்வளவு நாளாகும் தெரியுமா?"

"எவ்வளவு?"

"போன வருஷம் கேட்டது. இன்னும் பேசிட்டிருக்காங்க."

அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அந்த முதலாளி, ஒல்லியாக நெட்டையாக ஒரு ஆள், பிரிண்டரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கிளினிக்கில் வைத்துவிட்டுப் போகிறவர், அண்ணிக்குத் திரும்ப எழுதினார். பிறகு போன் செய்தார். பிறகு நேரில் வந்து பார்க்கச் சொன்னார். அண்ணி போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தார்.

"அங்க மொத்தமே ஏழு பேரு. என்னையும் சேத்து. அங்க போகலாம்னு இருக்கேன். சரியா?"

"சரி" என்றான் அண்ணன், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

நான் அப்படி விடுகிற ஆளா? ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்தக் கம்பெனி நாளைக்கு இழுத்து மூடினால்? விசாரித்தாராம், இப்போதைக்கு மூடாதாம், ஆனால் எழுதிக் கொடுக்க முடியாதாம். அப்பாவுக்கு இதயத்தில் குழாய் வைத்திருக்கிறதே, இன்ஷூரன்ஸ்? இருக்கிறது, ஆனால் பெரிய கம்பெனி அளவுக்கு இல்லை. சம்பளம்? குறைவு. அப்படியானால் எதற்கு?

அண்ணி தன் தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு சொன்னார்: "நான் முழுசா ஒண்ணு செஞ்சு ரொம்ப வருஷமாச்சு. ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும். இப்ப என்னால முடியுமான்னே எனக்குத் தெரியல. அத நினைச்சா பயமா இருக்கு."

"முடியலன்னா?"

"அதான் பயம்னு சொன்னேனே."

எனக்குக் கோபம் வந்தது. அண்ணி மேல் இல்லை. இவ்வளவு கெட்டிக்காரியை, தன்னால் முடியுமா என்று கேட்க வைத்த ஏதோ ஒன்றின் மேல். ஆனால் அது எது என்று தெரியாததால், "என்னால சரி சொல்ல முடியாது. போகாதீங்கன்னும் சொல்லல" என்றேன்.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் அன்று பச்சை டி-ஷர்ட் போட்டிருந்தார். நெஞ்சில் பெயர்.

"இதையெல்லாம் திருப்பிக் குடுக்கணுமாம்மா?"

"வேணாம் மாமா. அது உங்களுக்குத்தான்."

"அப்போ சரி" என்றார் அப்பா.

இப்படியாக இரண்டு சரி சேர்ந்துவிட்டது. ஒன்று பார்க்காமல் சொன்னது, இன்னொன்று டி-ஷர்ட்டுக்காகச் சொன்னது. அண்ணி என்னைப் பார்த்து, "உன் சரி பாக்கி இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

புது ஆபீஸ் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி மறந்து வைத்த குடையை எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். பழைய ஆபீஸில் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து கொடுப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். இங்கே நாற்காலிகள் ஆளுக்கொரு ஜாதி. அண்ணியுடையது சுழலும்போது அழும். பழைய ஆபீஸில் காப்பி இயந்திரம் பெயர் கேட்டுக் காப்பி கொடுக்கும். இங்கே ஒரு கெட்டில், அதன் மூடியை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம். பிசியோதெரபி தெரிந்த யாரும் அந்த நாற்காலிகளைப் பார்த்தால் கண்ணீர் விடுவார்கள். நான் விடவில்லை, ஆனால் அண்ணியின் முதுகுக்கு ஒரு தலையணை வாங்கிக் கொடுத்தேன்.

அண்ணிக்கு அங்கே தனியாகக் கொடுத்த முதல் வேலை எங்கள் கிளினிக் சம்பந்தப்பட்டது. ஒருவருக்குக் குறித்த நேரத்தை மாற்றினால், புது நேரத்துக்கும் மெசேஜ் போகும், பழைய நேரத்துக்கும் போகும். அதனால் நேரம் மாறியவர்களுக்கெல்லாம் எங்கள் வரவேற்பில் இருக்கும் அக்கா ஒவ்வொருவராகப் போன் செய்து, "காலைல வர மெசேஜ நம்பாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதைச் சரிசெய்ய வேண்டும். ஆரம்பம் முதல் முடிவு வரை அண்ணியே.

அந்த வாரம் வீட்டில் அண்ணி வேறு ஆளாக இருந்தார். சாப்பிடும்போது தானாகச் சிரிப்பார். அண்ணன் என்னிடம், "லவ்வா இருக்குமோ?" என்று கிசுகிசுத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் காலணியைக் கழற்றும்போதே சொன்னார்: "முடிச்சு அனுப்பிட்டேன்."

எனக்கும் சந்தோஷம். மறுநாளே ஒல்லி முதலாளி எங்கள் கிளினிக்குக்குப் போன் செய்து, "சரியாயிடுச்சு மேடம், இனிமே நீங்க யாருக்கும் போன் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். வரவேற்பு அக்கா அந்த நல்ல சேதியைக் கொண்டாட எனக்கும் சேர்த்துப் பிஸ்கட் வாங்கி வந்தார்.

திங்கட்கிழமை காலை பெரிய டாக்டரம்மாவுக்கு வெளியே வேலை இருந்தது. அவருடைய காலை நோயாளிகள் எல்லாரையும் மதியத்துக்கு மாற்றியிருந்தோம். காலையில் நான் மட்டும், என்னுடைய நோயாளிகளை மட்டும் பார்ப்பதாக ஏற்பாடு. கதவைத் திறந்தால் வெளியே மழை, மழையில் குடைகள், குடைகளுக்குக் கீழே கைத்தடிகள். முட்டிக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். முதுகுக்காரர்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் போன், எல்லார் போனிலும் பழைய நேரம் போட்ட மெசேஜ். என் நோயாளிகள் வேறு வந்து சேர்ந்தார்கள். இருந்த நாற்காலிகள் போதவில்லை. வரவேற்பு அக்கா எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போனார்.

அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தவர். இரண்டு பஸ் மாறித் தனியாக வருவார். உட்கார இடம் இல்லாமல் வாசல் படியில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நான் கவனித்து ஒரு நாற்காலியைக் காலி செய்துகொண்டு போவதற்குள் அவர் கிளம்பிப் போய்விட்டிருந்தார். மதியமும் வரவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சிகிச்சை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அனுப்பிட்டேன்னு சொன்னீங்களே அண்ணி!"

"அனுப்பிட்டேனே. வியாழக்கிழமையே அனுப்பிட்டேன்."

"அப்புறம் எப்படி எல்லாருக்கும் பழைய மெசேஜ் வந்தது? இங்க வந்து பாருங்க, சந்தை மாதிரி இருக்கு!"

"வராம எப்படி இருக்கும்? அது இன்னும் வெளியவே போகலயே. யாரும் சரி சொல்லலையே. நான் காத்துட்டுத்தானே..."

பேச்சு பாதியில் நின்றது. அந்தப் பக்கம் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் புரிவதற்கு முன் அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

பெரிய கம்பெனியில் "அனுப்பிட்டேன்" என்றால், என் வேலை முடிந்தது, இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்வதற்காக அனுப்பியிருக்கிறேன் என்று அர்த்தம். சைக்கிள் கடை மாடியில் "அனுப்பிட்டேன்" என்றால் கிளினிக்குக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே நடுவில் நின்று பார்ப்பவர் யாருமில்லை. அண்ணி சரிக்காகக் காத்திருந்தார். மற்றவர்கள் கைதட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். எழுதியதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஒரு வார்த்தையை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டதில், முட்டி வலிக்காரர் ஒருவர் மழையில் உட்கார வேண்டியதாயிற்று.

அன்று மதியமே அது முறையாகப் போய்ச் சேர்ந்தது. ஒல்லி முதலாளி திட்டவில்லையாம். "அனுப்பிட்டேன்னா போயிடுச்சுன்னு நினைச்சேன். கேட்டிருக்கணும்" என்று தலையைச் சொறிந்தாராம். திட்டியிருந்தால் அண்ணிக்குத் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தவர் யாரிடமும் எதற்கும் சரி கேட்கவில்லை. மாற்றுவதற்கு எதையும் எடுக்கவும் இல்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு கிளினிக்குக்கு வந்தார். வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில், தான் எழுதியதை யாராவது பயன்படுத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லையாம். எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு முட்டியைத் தொட்டுப் பார்க்காமல் நான் வருஷக்கணக்காக வைத்தியம் பார்த்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

வரவேற்பு அக்கா வேலைக்கு நடுவில் தன் போனை எடுத்து எதையோ தேடினார். அண்ணியின் பழைய கம்பெனி செயலிதான். தப்பான பக்கம் போய்விட்டு, மேலே இடது மூலையைத் தொட்டுத் திரும்பி வந்தார்.

"அது என்னுது" என்றார் அண்ணி, மெல்லிய குரலில்.

"எது?"

"அந்த அம்பு."

வரவேற்பு அக்கா போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இது இங்க இருக்குன்னு நான் கவனிச்சதே இல்லயே!"

"கவனிக்கக் கூடாது. கவனிச்சீங்கன்னா அது ஒழுங்கா வேலை செய்யலன்னு அர்த்தம்" என்று அண்ணி சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது. அதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அம்பைக் கேலி செய்ததெல்லாம் போதும் என்று அப்போது தோன்றியது.

பஸ் ஓட்டுநர் அன்று வந்தார். அண்ணி எழுந்து போய் அவர் முன்னால் நின்றார்.

"ஐயா, நேத்து உங்களுக்கு வந்த தப்பான மெசேஜுக்கு நான்தான் காரணம். மன்னிச்சுக்குங்க."

அவர் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். "மெசேஜுக்கெல்லாம் ஆள் இருக்கா? நான் அது தானா வருதுன்னுல்ல நினைச்சேன்" என்றார். பிறகு, "விடும்மா. நான் ஓட்டின பஸ் என்னிக்கு நேரத்துக்குப் போச்சு?" என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போனார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணிக்குக் கண் கலங்கியிருந்தது. மதியம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை பழைய மேலாளரிடம் இருந்து போன் வந்தது. நல்ல மனுஷி. அண்ணியின் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறியவர். அண்ணியின் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லையாம். திரும்பி வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். ஒரு கேள்வியும் இல்லை, அதே நாற்காலி, அதே அம்பு.

அன்று சாயங்காலம் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"அங்க நான் தப்பு பண்ணினா ரெண்டு பேர் பிடிச்சிடுவாங்க" என்றார் அண்ணி. "உடம்பு சரியில்லன்னு ஒரு மாசம் படுத்தாலும் ஒண்ணும் நிக்காது. அது சின்ன விஷயமில்ல."

"இல்லதான்."

"இங்க நானேதான் பிடிக்கணும். முந்தாநாள் பிடிக்கல. என்னால முடியாதுங்கறது அதுல தெரிஞ்சு போச்சோ என்னமோ."

நான் ஒரு தலையணை உறையை உதறினேன். சொல்வதற்கு நிறைய இருந்தது. எழுதியது தப்பில்லையே என்று சொல்லலாம். அப்பாவுடைய இன்ஷூரன்ஸை நினைத்துப் போய்விடுங்கள் என்றும் சொல்லலாம். வக்கீலுக்கு இரண்டு பக்கமும் பேசத் தெரியும். ஆனால் நான் எதைச் சொன்னாலும் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று பயமாக இருந்தது. என் தலையை வைத்து அவர் முடிவெடுக்கக் கூடாது. அதனால் வாயை மூடிக்கொண்டு துணியை மடித்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை சைக்கிள் கடை மாடியில் அண்ணி மற்ற ஆறு பேரையும் உட்கார வைத்துப் பேசினாராம். இனிமேல் எதுவும் வெளியே போவதற்கு முன் இன்னொருவர் பார்க்க வேண்டும். ஒல்லி முதலாளி, "எத்தன பேரு?" என்று கேட்டிருக்கிறார். அண்ணி இரண்டு என்றாராம். "ஏழு பேர்ல ரெண்டு பேர் பாத்துட்டே இருந்தா வேலைய யாரு செய்யறது?" என்று அவர் அழாத குறை. கடைசியில் ஒரு சரி என்று பேசி முடித்தார்கள். இன்னொன்று, "அனுப்பிட்டேன்" என்ற வார்த்தையை அந்த மாடியில் யாரும் சொல்லக் கூடாது. "பாக்கக் குடுத்திருக்கேன்" என்று சொல்லலாம். "போய்ச் சேந்தாச்சு" என்று சொல்லலாம். மறந்து சொல்லிவிட்டால் அன்று முழுக்கத் தேநீர் போடும் வேலை அவருடையது.

வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் சாப்பாட்டு மேஜையில் இருந்தோம். அப்பா சேதி தெரிந்து முந்தின நாளே இஸ்திரி போட்டு வைத்த பச்சை டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சில் இருந்த பெயர் சொல்லிக்கொண்டிருந்தது.

அண்ணி வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். போனை மேஜையில் குப்புற வைத்தார்.

"சரி" என்றான் அண்ணன்.

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலயே."

"கேப்பியே. அதான் முன்னாடியே சொல்லி வச்சேன்."

அண்ணி அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். இரண்டு நாளாக அடக்கி வைத்தது என்னை மீறி வந்துவிட்டது.

"என்கிட்ட கேக்காதீங்க அண்ணி. அங்க போங்க, இங்க இருங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா எங்ககிட்ட சரி வாங்கிட்டு முடிவு பண்ணினீங்கன்னா நாளைக்கு அது எங்க முடிவாப் போயிடும். நீங்களே அனுப்பிட்டு அப்புறமா வந்து சொல்லுங்க."

"அனுப்பிட்டேன்" என்றார் அண்ணி.

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எந்த அனுப்பிட்டேன்?" என்று கேட்டேன். "அந்த ஊர் அனுப்பிட்டேனா, இந்த ஊர் அனுப்பிட்டேனா?"

"போய்ச் சேந்த அனுப்பிட்டேன். காலைல எழுந்ததும் பழைய மேனேஜருக்கு எழுதிட்டேன், வரலன்னு. பதிலும் வந்தாச்சு. நல்லா இருன்னு எழுதியிருக்காங்க." போனைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "யார்கிட்டயும் கேக்கல. ஒருத்தர்கிட்டகூடக் கேக்கல."

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து இப்படி ஒன்றை அவர் செய்ததே இல்லை. அண்ணன் முதல் முறையாகத் தட்டில் இருந்து கண்ணை எடுத்துப் பெண்டாட்டியை முழுசாகப் பார்த்தான். அப்பா மட்டும் குனிந்து தன் நெஞ்சில் இருந்த பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த ஒல்லிப் பையன்கிட்ட சொல்லி டி-ஷர்ட் அடிக்கச் சொல்லும்மா" என்றார். "பேரு பெருசாப் போடச் சொல்லு. சின்னக் கம்பெனி, யாருக்கும் தெரியாது. நாமதான் சொல்லணும்."

அண்ணி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினார். காலணியைப் போட்டுக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை. கதவில் கை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அனுப்பியாயிற்று, போய்ச் சேர்ந்தாயிற்று, பதிலும் வந்தாயிற்று. இனி எதற்கு நிற்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"சரி" என்றேன்.